விளக்கடி இருட்டு

ஹனோவரின் பழைய நகரப் பகுதியில், லைனே ஆற்றங்கரையில், சனிக்கிழமைதோறும் பழம்பொருள் சந்தை கூடுகிறது. 1967இல் தொடங்கியது. ஜெர்மனியிலேயே மிகப் பழைய பழம்பொருள் சந்தை இதுதான் என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எதிர்க்கரையில் நிக்கி ட சான் ஃபால் 1974இல் நிறுத்திய 'நானா'க்கள் நிற்கின்றன. பருத்த உடலும் பளிச்சென்ற வண்ணங்களுமாக மூன்று பெண்கள்.

போன அக்டோபரில் அந்தச் சந்தையில் ஒரு மேசை விளக்கு வாங்கினேன். கருத்த வெண்கல நிறத்தில் தண்டு. மேலே வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பற்றவைத்த குடை. குடையின் விளிம்பைச் சுற்றித் தலைகீழாக இறங்கும் தட்டான்கள். தண்டில் நூல் கட்டித் தொங்கவிட்ட அட்டையில் 'டிஃபானி, 60 யூரோ' என்று எழுதியிருந்தது. பேரம் பேசும் எண்ணத்தில், "இது உண்மையான டிஃபானி இல்லையே" என்றேன். கடைக்கார அம்மா சிரித்தார். "இல்லைதான். என் அம்மா செய்தது. எண்பதுகளில் மாலை வகுப்புக்குப் போன பெண்கள் பாதிப் பேர் இதைத்தானே செய்தார்கள்."

"அப்படியானால் அட்டையில் உங்கள் அம்மாவின் பெயரைப் போடலாமே."

"போட்டால் யார் வாங்குவார்கள்?"

பதில் சொல்லத் தெரியாமல் ஐம்பது யூரோ கொடுத்துவிட்டு வந்தேன். சில மாதங்களாக அந்த விளக்கு என் மேசையில் எரிகிறது. அந்தக் கேள்வியும் கூடவே எரிகிறது. ஒரு அழகிய பொருளின் அடியில் யார் பெயர் இருக்க வேண்டும்? அந்தப் பெயரைத் தெரிந்துகொள்வதால் அந்தப் பொருளை நாம் பார்க்கும் பார்வை மாறுமா? இவை கலை விமர்சனத்தின் பழைய கேள்விகள்தான். ஆனால் பிறர் பெயரில் உழைத்துப் பழகிய புலம்பெயர்ந்தவர்களுக்கு இவை கொஞ்சம் நெருங்கிய கேள்விகள்.

*

முதலில் விளக்கைப் பார்ப்போம்; பெயர் பிறகு.

டிஃபானி விளக்கு என்று உலகம் சொல்வது, நியூயார்க்கில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபானியின் (1848–1933) பட்டறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலிருந்து செய்யப்பட்ட ஈயக்கண்ணாடி விளக்குகளை. ஈயக்கண்ணாடி என்பது பழக்கத்தில் நின்றுவிட்ட பெயர்தான். தேவாலயச் சன்னல்களில் கண்ணாடித் துண்டுகளைத் தடித்த ஈயப் பட்டைகள் பிடித்திருக்கும். வளைந்த சிறு குடைக்கு அது ஒத்துவராது. எனவே ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் மெல்லிய செப்புத் தகட்டைச் சுற்றி, மர அச்சின்மேல் துண்டுகளை ஒன்றையொன்று ஒட்டி அடுக்கி, தகடுகள் சந்திக்கும் கோட்டில் உலோகத்தை உருக்கிப் பற்றவைத்தார்கள். கோடு நூல்போல மெலிந்தது. அப்படி மெலிந்ததால்தான் இதழையும் இலை நரம்பையும் கண்ணாடியில் காட்ட முடிந்தது.

இன்னொரு முக்கியமான செய்தி: வண்ணம் பூசியது அல்ல. பழைய தேவாலயக் கண்ணாடிகளில் முகத்தையும் மடிப்பையும் தூரிகையால் தீட்டிச் சுடுவார்கள். டிஃபானி பட்டறையில் கண்ணாடியை உருக்கும்போதே அதனுள் நிறங்களை ஓடவிட்டார்கள். ஒரே தகட்டில் ஒரு மூலை பாலாடையாகவும் மறுமூலை ஊதாவாகவும் இருக்கும். புள்ளி விழுந்த கண்ணாடி, சுருக்கம் விழுந்த கண்ணாடி, பல நிறச் சில்லுகள் தூவிய கண்ணாடி என்று பல வகை. ஒரு பூவிதழைச் செய்ய வேண்டுமென்றால், பெரிய தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அதில் எந்த அங்குலம் இதழின் நுனியாகும், எந்த அங்குலம் அடியாகும் என்று கண்டுபிடித்து வெட்ட வேண்டும். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதம் முழுவதும் இந்தத் தேர்வின்மேல்தான் நிற்கிறது.

இந்த வரிசையில் எனக்கு மிகச் சிறந்ததாகப் படுவது 1901 வாக்கில் உருவான விஸ்டீரியா விளக்கு. ஹனோவரில் வசிப்பவர்களுக்கு விஸ்டீரியாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மே மாதத்தில் பழைய வீட்டுச் சுவர்களில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் கொடி அது. ஜெர்மன் மொழியில் அதற்கு 'ப்ளாவ்ரேகன்', நீலமழை என்று பெயர். ஏறத்தாழ 2000 கண்ணாடித் துண்டுகளில் அந்த மழையைக் கட்டியிருக்கிறார்கள். தண்டு வெண்கலத்தில் முறுக்கிய அடிமரம். உச்சியில் கிளைகளின் வலை. அங்கிருந்து பூக்கள் இறங்குகின்றன. குடையின் கீழ் விளிம்பு வட்டமாக வெட்டி நிறுத்தப்படவில்லை. பூ எங்கே முடிகிறதோ அங்கே விளக்கும் முடிகிறது. விளக்குக்குப் பூப்போட்ட அலங்காரம் என்ற நிலை போய், பூங்கொத்தே விளக்காகிவிடுகிறது. இயற்கையைப் பார்த்துச் செய்த அலங்காரப் பொருட்களில் பெரும்பாலானவை தோற்பது இந்த இடத்தில்தான். அவை ஒரு கிண்ணத்தைச் செய்து அதன்மேல் ஒரு பூவை ஒட்டுகின்றன.

தட்டான் விளக்கு இவ்வளவு துணிச்சலானது அல்ல. குடை வழக்கமான கூம்புதான். ஆனால் சிறகுகளைக் கவனியுங்கள். ஊடுருவும் கண்ணாடியின்மேல் நுண்ணிய உலோக வலையைப் பதித்து நரம்பாக்கியிருக்கிறார்கள். கண்கள் புடைத்த கண்ணாடி மணிகள். விளக்கை ஏற்றினால் வலை கருத்து, சிறகு எரிகிறது. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இது பரிசு பெற்றது. நம் மொழியில் தட்டான் என்றால் பூச்சியும்தான், பொன்வேலை செய்பவரும்தான். அந்தச் சிறகைப் பார்க்கும்போது இரண்டு பொருளும் ஒன்றாக விழுகிறது.

*

நூறாண்டுக் காலம் இவை எல்லாம் டிஃபானியின் வடிவங்கள் என்றே நம்பப்பட்டன. அடியில் இருந்த முத்திரையும் அதைத்தான் சொன்னது: டிஃபானி ஸ்டுடியோஸ், நியூயார்க். பிறகு 2005 வாக்கில் மார்ட்டின் ஐடல்பர்க், நினா கிரே என்ற ஆய்வாளர்கள், கிளாரா டிரிஸ்கால் (1861–1944) என்ற பெண் தன் தாய்க்கும் சகோதரிகளுக்கும் எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தார்கள். ஒருவர் எழுதி அடுத்தவருக்கு அனுப்ப, அவர் தன் கடிதத்தையும் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்பும் சுற்றுக் கடிதங்கள் அவை. ஒரு பகுதி ஒஹாயோவில் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக நூலகத்திலும் மறுபகுதி நியூயார்க்கில் குவீன்ஸ் வரலாற்றுச் சங்கத்திலும் இருந்தன. வேலையில் நடந்ததை வீட்டுக்குச் சொல்லும் சாதாரணக் கடிதங்கள்தான். அவற்றிலிருந்து தெரியவந்தது: தட்டான் விளக்கும் விஸ்டீரியா விளக்கும் இன்னும் பலவும் கிளாராவின் வடிவமைப்புகள். 2007இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் இதை ஒரு கண்காட்சியாக வைத்தது. ஐடல்பர்க், கிரே, மார்கரெட் ஹோஃபர் மூவரும் அதையொட்டி ஒரு நூல் எழுதினார்கள்.

பெண்கள் அந்தப் பட்டறைக்குள் வந்த கதையும் சுவையானது. 1892இல் ஆண் கண்ணாடித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிகாகோ உலகக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. டிஃபானி பெண்களுக்கென்று ஒரு கண்ணாடி வெட்டும் பிரிவைத் தொடங்கி, அதைக் கிளாராவின் பொறுப்பில் விட்டார். சில பேரோடு தொடங்கியது இரண்டே ஆண்டில் 35 பேராக வளர்ந்தது. 1903இல் ஆண்களின் சங்கம் எதிர்ப்புத் தெரிவிக்க, பெண்கள் 27 பேருக்கு மேல் கூடாது என்று உடன்பாடு ஆனது. திருமணம் ஆனால் வேலையை விட வேண்டும் என்பது விதி. முதல் கணவர் இறந்தபின் வேலைக்குத் திரும்பிய கிளாரா, 1909இல் மறுமணம் செய்துகொண்டு விலகினார். அதோடு அவர் பெயரும் மெல்ல விலகியது.

இந்த இடத்தில் டிஃபானியைத் திருடனாக்கிவிடுவது எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை. நிறம் ஓடும் அந்தக் கண்ணாடியைத் தேடி ஆண்டுக்கணக்காக உலைகளில் பணத்தைக் கொட்டியவர் அவர். எந்த வடிவமும் அவர் கண்ணுக்குப் போகாமல் வெளியே வராது. பெண்களின் கண்ணை நம்பி ஒரு முழுப் பிரிவையே ஒப்படைத்ததும் அவர்தான். கிளாராவை அவர் பூட்டி வைக்கவும் இல்லை. 1904இல் ஒரு நியூயார்க் நாளிதழ், அதிகம் சம்பாதிக்கும் அமெரிக்கப் பெண்களில் ஒருவர் என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறது. ஆக அவரை யாரும் ஒளித்து வைக்கவில்லை. எழுதி வைக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். மறதிக்கு அது போதும். முத்திரையில் ஒரு பெயர்தான் இருந்தது. காலம் முத்திரையைத்தான் படிக்கும்.

*

ஐரோப்பாவிலும் இதே கதை வேறு வேறு உருவத்தில் உண்டு. பிரான்சின் நான்சி நகரத்து எமில் கல்லே (1846–1904) தாவரவியல் படித்த கண்ணாடிக் கலைஞர். இளமையில் ஜெர்மனியின் வைமரிலும் படித்தவர். அவருடைய காளான் விளக்கு 1902 வாக்கில் செய்யப்பட்டது. ஒரே அடியிலிருந்து மூன்று காளான்கள்: மொட்டாக ஒன்று, விரியும் பருவத்தில் ஒன்று, முழுக் குடையாக விரிந்த ஒன்று. அது மை சொட்டிக் கரையும் வகைக் காளான். விரிந்து முடித்தால் அழியும். ஒரு விளக்கில் ஒரு வாழ்நாளை வைத்துவிட்டார். இயற்கையை இவ்வளவு கசப்பாகப் பார்த்த அலங்காரப் பொருள் வேறொன்றை நான் அறியேன். இந்த ஒரு வகையில் கல்லே டிஃபானி பட்டறையைவிட ஆழமானவர். விஸ்டீரியா எப்போதும் மே மாதத்திலேயே இருக்கிறது. கல்லேயின் காளானுக்கு நவம்பரும் தெரியும்.

இரண்டு ஆண்டில் கல்லே இறந்தார். தொழிற்சாலை ஓடியது. அவர் கையொப்பத்தையே கண்ணாடியில் தொடர்ந்து பொறித்தார்கள். சில காலத்துக்கு அதன் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரத்தைச் சேர்த்தார்கள். செய்தவர் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது என்பதற்கு அந்த நட்சத்திரம் அடையாளம். என் பார்வையில் அது ஒரு நேர்மை. அரைகுறை நேர்மைதான், ஆனாலும் நேர்மை.

ஹனோவரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான தூரத்தில் பிரேமன். அங்கே பிறந்த வில்ஹெல்ம் வாகன்ஃபெல்ட் (1900–1990) வைமர் பௌஹவுசில் மாணவராக இருந்தபோது 1924இல் செய்த மேசை விளக்கை நம்மில் பலர் பார்த்திருப்போம்: பால் நிறக் கண்ணாடியில் அரைக்கோளக் குடை, கண்ணாடித் தண்டு, வட்ட அடி. பூ இல்லை, பூச்சி இல்லை. கல்லேயின் தலைமுறைக்கு நேர் எதிர். ஆனால் கண்ணாடித் தண்டு, கண்ணாடி அடி என்ற யோசனையைக் கார்ல் யாக்கோப் யுக்கர் என்ற இன்னொரு மாணவர் முன்பே முயன்று பார்த்திருந்தார். யாருடைய விளக்கு என்ற சண்டை பின்னாளில் நீண்டது. இயந்திரத்தில் வார்த்ததுபோலத் தோன்றும் அந்த விளக்கு அன்று கையால் செய்யப்பட்ட விலையுயர்ந்த பொருள். கைவினையை ஒளித்த விளக்கு அது. டிஃபானியுடையது, கைகளை ஒளித்த விளக்கு.

நம் ஊர்ச் சம்பவம் ஒன்றும் இந்த வரிசையில் சேரும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் நம் ஊர்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ், பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் நிறுவனம் உருவாக்கிய விளக்கு. பெட்ரோலியத்தோடு அவர் பெயரைச் சேர்த்ததுதான் பெட்ரோமாக்ஸ். 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியும் செந்திலும் அதன் மேன்டிலை வைத்துச் செய்த கலாட்டாவை நம் பிள்ளைகள்கூட யூடியூபில் பார்த்திருக்கிறார்கள். அந்த மேன்டில் வெள்ளையாக எரிவதற்குக் காரணம் அதிலிருக்கும் தோரியம். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருப்பதைக் கண்டார். அந்த மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணல். இன்று அது கன்னியாகுமரி மாவட்டம். அங்கே அவர் மணல் பிரிக்கும் ஆலை தொடங்கினார். விளக்கின் பெயரில் பெர்லின்காரர் ஒருவர் இருக்கிறார். மணலை அள்ளியவர்கள் இல்லை.

*

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "நம் மரபில் கலைஞன் பெயர் போட்டுக்கொள்வதே இல்லையே, அதுதானே உயர்வு" என்றார். நாச்சியார்கோயில் குத்துவிளக்கைச் சான்றாகக் காட்டினார். தாமரை அடி, நீண்ட தண்டு, அகல், உச்சியில் அன்னம். பல பகுதிகளாக வார்த்துத் திருகிச் சேர்ப்பது. வார்த்த பத்தரின் பெயர் எங்கும் இல்லை. அதனால் அதன் அழகு குறைந்ததா என்று கேட்டார்.

இந்த வாதத்தை நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். இரண்டு காரணங்களால் இதை ஏற்க முடியவில்லை.

ஒன்று, வடிவம் எங்கிருந்து வருகிறது என்பது. நாச்சியார்கோயில் விளக்கின் வடிவம் தலைமுறைகளுக்குப் பொதுவானது. அதில் யார் பெயரும் இல்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரு மௌனம். டிஃபானி விளக்கில் இருப்பது மௌனம் அல்ல. ஒரு பெயர் உரக்க ஒலிக்கிறது. அந்த ஒலியில் மற்றப் பெயர்கள் கேட்கவில்லை. பெயரில்லாமல் இருப்பதும் பெயர் மறைக்கப்படுவதும் ஒன்றல்ல.

இரண்டாவது, நம் மரபு பெயர் போடாத மரபு என்பதே உண்மையல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கட்டிய தச்சரின் பெயர், குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று இருக்கிறது. 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள், யாருக்கு எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதோடு இருக்கின்றன. விளக்குக்கு வருவோம். ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள். அதற்கு ஈடாக நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர்களின் பெயர்களையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கணக்குக்காக வெட்டியதுதான், மரியாதைக்காக அல்ல என்று சொல்லலாம். சரி. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு விளக்கு எரிய நெய் கொடுத்தவரின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது. நூறாண்டுக்கு முன் நியூயார்க்கில் ஒரு விளக்கை வடிவமைத்தவரின் பெயரைக் கடிதம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சங்க இலக்கியத்தில் நெடுநல்வாடை அரண்மனையில் எரியும் பாவைவிளக்கைச் சொல்லும்போதுகூட, அது யவனர் செய்தது என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறது. ஆளின் பெயர் இல்லாவிட்டாலும், வேற்று நாட்டுக் கை என்ற குறிப்பாவது இருக்கிறது.

*

யார் யார் பெயரைப் போடுவது? உலையில் கரி போட்டவர் வரை போட முடியுமா? நியாயமான கேள்வி. என் அளவுகோல் இதுதான்: யார் தீர்மானித்தார்களோ அவர்கள் பெயர் இருக்க வேண்டும். டிஃபானி விளக்கில் தீர்மானம் மூன்று இடங்களில் நடக்கிறது. கண்ணாடி எப்படி இருக்க வேண்டும் என்பது டிஃபானியின் தீர்மானம். வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பது கிளாராவின் தீர்மானம். இந்தத் தகட்டின் இந்த அங்குலம்தான் இந்த இதழ் என்பது வெளிச்சத்தின் முன்னே நின்ற பெண்ணின் தீர்மானம். ஒரே வடிவத்தில் செய்த இரண்டு விஸ்டீரியாக்களை அருகருகே வைத்தால் ஒன்று விடியற்காலை, ஒன்று அந்தி. வடிவம் ஒன்றே, வேறுபாடு முழுவதும் அந்த மூன்றாவது தீர்மானத்தால் வந்தது. எனவே அந்த விளக்குக்கு ஒரு ஆசிரியரோ இரண்டு ஆசிரியர்களோ போதாது.

கிளாராவைக் கண்டெடுத்தபின் நடந்ததில் எனக்குள்ள குறையும் இதுதான். ஒரு தனிமேதை இறங்கிய பீடத்தில் இன்னொரு தனிமேதையை ஏற்றிவிட்டோம். சூசன் வ்ரீலண்ட் 2011இல் எழுதிய நாவலின் தலைப்பில் கிளாராவும் திரு. டிஃபானியும் என இரண்டு பெயர்கள்தான். சன்னல்களை வடிவமைத்த ஆக்னஸ் நார்த்ராப், பற்சாயப் பாத்திரங்களுக்குச் செடிகளை வரைந்த ஆலிஸ் கௌவி போன்றவர்களை அந்தத் துறை ஆய்வாளர்கள் அறிவார்கள். பொது வாசகருக்கு 'டிஃபானிப் பெண்கள்' என்ற கூட்டுப் பெயர்தான் மிஞ்சுகிறது. கிளாரா தன் கடிதங்களில் உடன் வேலைசெய்த பெண்களைப் பற்றி ஓயாமல் எழுதியிருக்கிறார். அவர் செய்ததை நாம் செய்யவில்லை.

ஹனோவரில் இதற்கு ஒரு நல்ல எதிர்ச்சான்று இருக்கிறது. ஆற்றின் எதிர்க்கரை 'நானா'க்கள் மூவருக்கும் இந்த ஊரோடு தொடர்புடைய பெண்களின் பெயர்கள்: சோஃபி, ஷார்லோட்டே, கரோலினே. கரோலினே என்பது இங்கே பிறந்து இங்கேயே இறந்த வானியலாளர் கரோலினே ஹெர்ஷல் (1750–1848). அண்ணன் வில்லியமின் தொலைநோக்கிக்கு உதவியாளராகத் தொடங்கியவர். 1787 முதல் இங்கிலாந்து அரசர் அவருக்கென்று தனியாக ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்தார். தானே எட்டு வால்வெள்ளிகளைக் கண்டார். அவர் கண்டவை என்று அவை பதிவாயின. அண்ணன் பெயர் அதனால் ஒன்றும் சிறுத்துவிடவில்லை. பெயரைப் பகிர்ந்தால் குறையும் என்று பயப்படுகிறவர்கள் இந்த உடன்பிறப்புகளைப் பார்க்கலாம்.

ஹெரன்ஹவுசன் பூங்காவில் நிக்கி ட சான் ஃபால் வடிவமைத்த குகைக்கும் போயிருப்பீர்கள். பதினேழாம் நூற்றாண்டுக் குகையின் மூன்று அறைகளையும் கண்ணாடித் துண்டுகளாலும் ஆடிகளாலும் கூழாங்கற்களாலும் நிறைத்திருப்பார். நீல அறையில் நின்றால் ஒரு பெரிய விளக்கின் உள்ளே நிற்பதுபோல இருக்கும். அவர் 2002 மே மாதத்தில் இறந்தார். குகை 2003இல் திறந்தது. கடைசிக் கண்ணாடித் துண்டுகளை அவருடைய திட்டப்படி பதித்தவை வேறு கைகள். அந்தக் கைகளுக்கு ஒரு பலகை வைத்தால் நீல அறையின் நீலம் குறையப் போவதில்லை.

*

இவ்வளவு கறாராகப் பேசுகிறவன் தன் கதையையும் சொல்ல வேண்டும். நான் மென்பொருள் ஆலோசகன். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெர்மன் வாடிக்கையாளருக்காக ஒரு பெரிய தரவு அமைப்பை வடிவமைத்தோம். அதன் மையமான யோசனை, எல்லாரும் பாராட்டிய யோசனை, சென்னையிலிருந்த ஒரு சக ஊழியருடையது. அவர் தாளில் வரைந்து, போனில் படம் எடுத்து, மின்னஞ்சலில் அனுப்பினார். அதைச் சுத்தமாக வரைந்து ஆவணமாக்கியது நான். 'ஆசிரியர்' என்ற இடத்தில் கணினி தானாக என் பெயரைப் போட்டது. நான் மாற்றவில்லை. கூட்டத்தில் 'நாங்கள்' என்றுதான் பேசினேன். ஆனால் அந்த அறையில் 'நாங்கள்' என்பதற்கு நான் மட்டும்தான் இருந்தேன். கைதட்டல் எனக்கு வந்தது. அடுத்த வேலையும் எனக்கு வந்தது.

நான் பொய் சொல்லவில்லை. டிஃபானியும் பொய் சொல்லவில்லை. எழுதி வைக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

கிளாராவின் கதையைப் படித்தபின் அந்த ஆவணத்தைத் தேடித் திறந்து, ஆசிரியர் இடத்தில் அவர் பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதாகவும் போட்டேன். அவர் எப்போதோ அந்த நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். அந்த அமைப்பையே அடுத்த ஆண்டு கழற்றிவிடப் போகிறார்கள். யாரும் கவனிக்கவில்லை. ஆறேழு ஆண்டு தாமதமாகச் செய்த நியாயத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவருக்கு எழுதிச் சொன்னேன். 'பரவாயில்லை' என்று ஒரு சொல் பதில் வந்தது. அந்தப் பரவாயில்லையின் பொருள் என்ன என்று இன்னும் யோசிக்கிறேன்.

நம்மில் பலர் இரு பக்கமும் இருக்கிறோம். அலுவலகத்தில் நம் வேலை வேறொருவர் பெயரில் போகும்போது கிளாராவாகக் குமுறுகிறோம். ஊரிலிருந்து ஒருவரின் வேலை நம் பெயரில் வரும்போது டிஃபானியாகக் கைதட்டல் வாங்கிக்கொள்கிறோம். குமுறலை எழுத நம்மிடம் நிறையக் கவிதைகள் இருக்கின்றன. கைதட்டலைப் பற்றி எழுதியது குறைவு.

*

பெயர் தெரிந்தால் பார்வை மாறுமா என்று தொடங்கினேன். மாறுகிறது என்பதே என் அனுபவம். விஸ்டீரியா விளக்கை முன்பு ஒரு மேதையின் கனவாகப் பார்த்தேன். மயங்கினேன், ஆனால் ஒரு துண்டையும் தனியாகப் பார்த்ததில்லை. இப்போது துண்டு துண்டாகப் பார்க்கிறேன். இந்த இதழின் நுனியில் ஏன் இந்தச் சாம்பல் நிறம்? யாரோ ஒருத்தி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தீர்மானித்திருக்கிறாள். விளக்கு சிறியதாகவில்லை. அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

நவம்பரில் ஹனோவரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். கார்த்திகைக்கு வீட்டில் அகல் ஏற்றிய மாலையில் சந்தையில் வாங்கிய விளக்கின் பல்பு போய்விட்டது. மாற்றுவதற்காகக் குடையைக் கழற்றியபோது, உள்பக்கம், மேல்வளையத்தின் பற்றவைப்பில், ஆணியால் கீறியதுபோல ஏதோ தெரிந்தது. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு எழுத்துகள், பக்கத்தில் 86. கடைக்கார அம்மாவுக்கே இது தெரிந்திருக்காது. வெளியே தெரியாத இடமாகப் பார்த்துத்தான் அவருடைய தாய் போட்டிருக்கிறார், ஆனால் போட்டிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை போய்க் கேட்டேன். அந்த இரண்டு எழுத்துகளும் எந்தப் பெயரின் எழுத்துகள் என்று சொன்னார். வீட்டுக்கு வந்து 'டிஃபானி' அட்டையைக் கழற்றி எறிந்தேன். விளக்கைத் திருப்பி, அடியில் அந்தப் பெயரை முழுதாக எழுதி ஒட்டிவைத்தேன்.